கண்ணேறு காத்த கயிறு

ஊர்க்கோடித் தோட்டம் ஒன்றில் செவந்தி என்று ஒரு செவலை மாடு இருந்தது. அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கம்பளிக் கயிறு இருந்தது. மாட்டைக் கட்டிப்போடத் தும்புக்கயிறு வேறே உண்டு. கம்பளிக் கயிற்றுக்கு அந்த வேலை கிடையாது. அதன் வேலை கண் காப்பது.

கறுத்த ஆட்டின் மயிரில் திரித்த கயிறு அது. நடுவில் ஒற்றைச் சோழி. செவந்தி முதல் கன்று போட்ட வாரம் மாட்டுக்காரி மயிலாத்தாள் அதைச் சந்தையில் வாங்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிழக்குப் பார்த்து நின்று கட்டினாள். அன்றிலிருந்து கயிற்றுக்கு ஒரே பெருமை.

"இந்த மடியைப் பார்த்து எத்தனை பேர் மூச்சு விட்டிருப்பாங்க! ஒரு மூச்சாவது மடிவரைக்கும் போயிருக்குமா? எல்லாம் எங்கிட்டயே நின்னுபோகும்" என்று அது தும்புக்கயிற்றிடம் சொல்லும்.

தும்புக்கயிறு உழைப்பாளி. "சரிங்க்கா" என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை தோறும் மயிலாத்தாள் மாடு கட்டும் கட்டுத்தரையில் சாம்பிராணி போடுவாள். புகை காட்டிவிட்டுக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த ஒரு தொடுதலுக்காகக் கயிறு வாரம் ஏழு நாளும் காத்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் காத்திருப்புக்குப் பங்காளி ஒன்று வந்து சேர்ந்தது.

கால்நடை ஆய்வாளர் தமயந்தி வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கையில் குறடு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மாட்டின் காதைப் பிடித்து ஒரே அழுத்து. செவந்தி தலையை உதறியது. உதறி முடித்தபோது காதில் மஞ்சள் வில்லை ஒன்று தொங்கியது. அதன்மேல் பன்னிரண்டு எண்கள்.

"இனி இதுதானுங்க்கா உங்க மாட்டுக்கு அடையாளம். ஊசி, சினை, கன்னு, நோவு, பாலு எல்லாம் இந்த நம்பர்ல ஏறிடும்" என்றாள் தமயந்தி. மயிலாத்தாளின் போனை வாங்கி எதையோ இறக்கிக் கொடுத்தாள். "தினமும் கறந்து முடிச்சதும் எத்தனை லிட்டருன்னு இதுல போட்டுருங்க. ரெண்டு நாள் சேர்ந்தாப்புல பாலு கொறஞ்சா என் போன்ல செவப்பாக் காட்டும். நீங்க கூப்பிடாமயே வந்து நிப்பேன்."

மயிலாத்தாள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "இதை ஆரெல்லாம் பாப்பாங்க அம்மிணி?"

"நானு, டாக்டரு, ஆபீஸ்ல ரெண்டு பேரு."

"பாவாத்தா மகளும் ஆபீஸ்லதான் கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்திருக்கறா."

"அக்கா, அது தாலுக்கா ஆபீஸ். இது வேற."

"எந்த ஆபீஸா இருந்தா என்ன, வயரு ஒண்ணுதானே?"

தமயந்தி சிரித்துவிட்டுப் போனாள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. பாவாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி. அவளுடைய மாடு வேளைக்கு இரண்டு லிட்டரைத் தாண்டியதில்லை.

கயிறு மேலே பார்த்தது. காதில் புதியது பளபளத்தது.

"ஏ மஞ்சளு! உன்ற பேரு என்ன?"

வில்லை தன் பன்னிரண்டு எண்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது.

"பேரைக் கேட்டா வாய்ப்பாடு சொல்றே. என்ன வேலைக்கு வந்தே?"

"சொல்றதைச் சுமக்கற வேலைங்க்கா. ஊசி போட்டாங்கன்னா ஊசி. பத்து லிட்டருன்னா பத்து. அவ்வளவுதான்."

"காதுல தொங்கற சீட்டு, அப்படிச் சொல்லு."

"சீட்டுன்னும் சொல்லலாங்க்கா" என்றது வில்லை கோபமே இல்லாமல். அந்தக் கோபமில்லாமைதான் கயிற்றுக்கு முதலில் எரிந்தது.

பிறகு எரிவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எண்ணைச் சரிபார்க்க மயிலாத்தாள் தினமும் காதைப் பிடித்துத் திருப்பினாள். சாணி தெறித்திருந்தால் முந்தானையால் துடைத்தாள். கடைசி நான்கு எண்களை வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினாள். லிட்டரை மட்டும் இன்னும் போடத் தொடங்கவில்லை. தடுப்பூசி போட வந்த டாக்டர் முதலில் வில்லையைப் படித்தார். அப்புறம், "இந்தக் கயிறைக் கொஞ்சம் அந்தப்புறம் தள்ளுங்கம்மா, ஊசி போட எடமில்லே" என்றார்.

தள்ளுங்கம்மா! கண் காக்கும் கயிற்றை!

அந்த வெள்ளிக்கிழமை புகை காட்டிய கை முதலில் வில்லையைத் துடைத்தது. கயிற்றைத் தொட நீண்டபோது வீட்டுக்குள் குக்கர் கத்தியது. கை பாதியில் திரும்பிப் போய்விட்டது.

கயிறு அன்று முழுக்கச் சோழியை நிமிர்த்தி வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க மஞ்சள் இன்னும் மஞ்சளானது.

கயிறுகள் பேசினால் மனிதர் காதில் விழாது. வயிற்றில் விழும். அதுவும் மயிலாத்தாள் மாதிரி, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்களின் வயிற்றில் நன்றாகவே விழும். மறுநாள் காலை அவள் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்ய வந்தபோது அது சொன்னது:

"பத்து லிட்டருன்னு ஊருக்கே சொல்லப் போறியா? இத்தனை நாளும் நீ கறந்த பாலைத் துணி போட்டு மூடித்தானே கொண்டு போனே? ஆராச்சும் எவ்வளவு கறக்குதுன்னு கேட்டா, 'ஏதோ, கன்னுக்குப் போக மிச்சம்'ன்னுதானே சொன்னே? இப்ப நீயே எழுதி அனுப்பு. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

மயிலாத்தாளுக்கு வயிறு என்னவோ செய்தது. அன்று கறந்தது பத்து லிட்டர், நுரை தனி. அவள் போனை எடுத்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். ஆறு என்று போட்டாள்.

போட்டதும் வயிறு லேசானது. அவள் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தியா?" என்றது கயிறு மேலே நோக்கி.

"பத்து கறந்துச்சுங்க்கா. நான் ஆறைச் சுமக்கறேன்" என்றது வில்லை.

"சுமக்கறதுதானே உன்ற வேலை? சும."

"சுமக்கறேன். ஆனா பொய்யான ஆறுக்கும் நெசமான ஆறுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்க்கா. நாளைக்கு நெசமாவே பாலு கொறஞ்சு ஆறாச்சுன்னா, அங்க செவப்பாகாது."

"எப்படிக் கொறையும்? நான் எதுக்கு இருக்கறேன்?"

மூன்று மாதம் அப்படியே போனது. மயிலாத்தாள் பாலைச் சொசைட்டிக்குக் கொஞ்சம், டீக்கடைக்குக் கொஞ்சம், வீடுகளுக்குக் கொஞ்சம் என்று பிரித்து ஊற்றினாள். மொத்தம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. போனில் ஆறு, ஆறு, ஆறு. தமயந்தியின் போனில் எல்லாம் பச்சை. கயிறு தினமும் ஒரு தொடுதலுக்குச் சொந்தக்காரி ஆனது. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்த காலம் போயே போய்விட்டது. ஆனாலும் வில்லையைத் துடைக்கும் முந்தானையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு உள்ளே ஓர் இழை பொசுங்கும். கிடைத்தது போதாது. எதிரிக்குக் கிடைக்காமலும் இருக்க வேண்டும்.

ஆடிக்காற்று தொடங்கிய ஒரு காலையில் செவந்தியின் கழுத்து சுட்டது. அது வெயிலின் சூடு இல்லை. இது உள்ளே இருந்து வருகிற சூடு. கம்பளிக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பின்புறமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. மடியின் பின் இடது காம்பு.

"எனக்குள்ள கல்லு மாதிரி என்னமோ சேருது. பாலு வழி தெரியாம நிக்குது."

கயிறு கேட்டும் கேட்காதது போல் இருந்தது.

அன்று கறந்தது ஒன்பதரை. இரண்டு நாள் கழித்து ஒன்பது. தினமும் ஒரு கரண்டி, அரைக் கரண்டியாகக் குறைந்தது. ஒரே நாளில் பாதியாகியிருந்தால் மயிலாத்தாள் அலறியிருப்பாள். கரண்டி கரண்டியாகக் குறைவதைக் கை மறந்துவிடும். எட்டு ஆன அன்று அவளுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. அவள் போனை எடுத்துப் போன மாதத்தை நகர்த்திப் பார்த்தாள். ஆறு. ஆறு. ஆறு.

"போன மாசமெல்லாம் ஆறுதானே! இப்ப எட்டு வருது. பரவால்லியே!" என்று சொல்லிக்கொண்டு பாலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எழுதாத பத்து மனதில் எத்தனை நாள் நிற்கும்? எழுதிய ஆறு நின்றுவிட்டது. அவள் சொன்ன பொய் அவளுக்கே ஆறுதல் சொன்னது. அன்றும் ஆறு என்றே போட்டாள்.

"அக்கா" என்றது வில்லை. "காம்பு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. மாட்டுக்குச் சூடு ஏறியிருக்குதுங்களா?"

"உனக்குத் தெரியாதா? உன்னைத்தானே எல்லாரும் படிக்கறாங்க!"

"நான் பிளாஸ்டிக்குங்க. எனக்குச் சூடு, குளிரு ஒண்ணும் தெரியாது. நீங்க கம்பளி. உங்களுக்குத் தெரியும். அந்தம்மா வயித்துல ஒரு வார்த்தை போடுங்க. உங்களாலதான் ஆகும்."

கயிறு யோசித்தது. சொன்னால் என்ன நடக்கும்? மயிலாத்தாள் போனை எடுப்பாள். தமயந்தி ஓடி வருவாள். காதைப் பிடிப்பாள், எண்ணைப் படிப்பாள். மருந்து அந்த எண்ணில் ஏறும். பிழைத்தது அந்த எண்ணில் ஏறும். 'நல்லவேளை, இதுல பதிஞ்சிருந்துச்சு' என்பாள். கயிற்றை, ஊசி போட எடமில்லே என்று அந்தப்புறம் தள்ளுவாள்.

"சும்மா காத்து மாறின சூடு. தானாப் போகும்" என்றது கயிறு.

மறுநாள் பகலில் பாவாத்தாள் வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மயிலா! மாடு ஒரு மாதிரி நிக்குதே. பின்னங்காலை அகட்டி அகட்டி வெக்குது பாரு. மடியைத் தொட்டுப் பாத்தியா?"

"எங்க மாட்டுக்கு என்ன, நல்லாத்தானே நிக்குது!" என்றாள் மயிலாத்தாள் வெடுக்கென்று.

"இல்ல ஆத்தா, பாத்ததைச் சொன்னேன். அப்பறம் உன்ற இஷ்டம்." பாவாத்தாள் புல்கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மயிலாத்தாள் நேரே அடுப்படிக்குப் போனாள். உப்பும் மிளகாயும் அள்ளி வந்து மாட்டை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவே இல்லை. கமறாவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்பார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாவாத்தா கண்ணுல கொள்ளி வெக்க. மடியையே பாத்துட்டுப் போறா. நீதான் காப்பாத்தோணும் தாயி" என்றாள். இரண்டு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு முறை! கயிறு பூரித்துப் போனது. மடியைத் தொட்டுப் பார் என்று சொன்ன ஒரே ஆளின் சொல், மிளகாயோடு அடுப்பில் போய்விட்டது. அது கயிற்றுக்குத் தெரியும். தெரிந்தும் பூரித்தது.

அப்போது செவந்தி வாய் திறந்தது. அதுவரை அது இவர்கள் சண்டையில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கழுத்துக்காரியும் காதுக்காரியும் சண்டை போட்டு முடிச்சுட்டீங்கன்னா," என்றது மாடு மெதுவாக, "எம்மடி என்ன ஆச்சுன்னு ஆராச்சும் பாருங்க. எனக்கு நிக்க முடியல."

வில்லை தலைகுனிந்தது.

மாலையில் மயிலாத்தாள் செவந்தியைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிப் போனாள். மாடு குனிந்தது, குடிக்கவில்லை. மூக்கு நுனி தண்ணீரைத் தொடாமல் அப்படியே நின்றது. அலை அடங்கியது. கயிறு தண்ணீரில் தன்னைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அது தன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

கறுப்பின் நடுவில் வெளுத்த சோழி. சோழியில் ஒரு பிளவு. பாதி மூடிய கண் மாதிரி. அந்தக் கண் காதோரத்து மஞ்சளையே வெறித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பார்வையைக் கயிற்றுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக வேலிக்கு அப்பாலும் சந்தையிலும் பாதையிலும் இதைத்தானே தேடித் தேடித் தடுத்தது! ஊர்க்கண்ணையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மட்டும் கழுத்திலேயே கட்டி வைத்திருந்திருக்கிறது.

மாட்டின் மேல் பட்டது பாவாத்தாளின் கண்ணே இல்லை.

விடிந்ததும் கயிறு மயிலாத்தாளின் வயிற்றுக்குள் பேசிப் பார்த்தது. "மடியைத் தொட்டுப் பாரு! போன்ல நெசத்தைப் போடு!" அவள் வயிற்றுக்குள் பாவாத்தாளைப் பற்றிய பயமே நிரம்பி வழிந்தது, வேறு சொல் நுழைய இடமில்லை. அந்தப் பயத்தை நிரப்பியதும் கயிறுதான்.

"என் பேச்சு இப்ப எடுபடல மஞ்சளு" என்றது கயிறு. முதல்முறையாக அதன் குரலில் நெருப்பில்லை.

"வேற வழி இருக்குதுங்களா அக்கா?"

கம்பளிக் கயிறு தானாக அறுந்து விழுந்தால் பெரிய ஆபத்து என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அறுந்த கயிற்றைப் பார்த்தவர்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மாட்டைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்ப்பார்கள். கயிற்றுக்கு எல்லாரும் கேட்கும்படி சொல்லக்கூடிய வார்த்தை அது ஒன்றுதான். ஒருமுறைதான் சொல்ல முடியும்.

"அறுந்துட்டா இந்தக் கழுத்து எனக்கில்லே" என்றது கயிறு.

வில்லை காதோடு சேர்ந்து கயிற்றின் பக்கம் சாய்ந்தது.

செவந்தி காய்ச்சலின் எரிச்சலில் கழுத்தைக் கல்தூணில் தேய்த்தது. எப்போதும் வழுக்கி விலகும் கயிறு அன்று விலகவில்லை. தூணின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வோர் இழையாக விட்டது. முதல் இழை அறும்போது வெள்ளிக்கிழமைப் புகை மணந்தது. கடைசி இழைவரை அதற்கு ஆசை விடவில்லை. மேலே மஞ்சள் பத்திரமாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் கீழே விழுந்தது.

கறக்க வந்த மயிலாத்தாளின் காலடியில் சோழி 'டொக்'கென்றது.

"ஐயோ, என்ற சாமி!"

பால் குண்டாவைக் கீழே போட்டாள். கழுத்தைத் தொட்டாள், சுட்டது. முதுகைத் தடவினாள். மடியைத் தொட்டாள். பின் இடதுபக்கம் பாறையாக இருந்தது. காம்பைப் பிதுக்கினாள். பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீராகவும் திரிதிரியாகவும் ஏதோ வந்து உள்ளங்கையில் நின்றது.

தமயந்தி டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். காதைப் பிடித்து எண்ணைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி மாட்டைப் பார்த்தாள்.

"மடிநோவு முத்தியிருக்குதுங்க்கா. ரெண்டு வாரமாவது ஆகியிருக்கும். ஆனா பாலு கொறையவே இல்லியே? ஆறு, ஆறு, ஆறுன்னே வருதே?"

மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பத்து கறந்துச்சு அம்மிணி. கண்ணு படும்னு ஆறுன்னு போட்டேன். அப்பறம்… அப்பறம் அந்த ஆறை நானே நம்பிப்போட்டேன்."

தமயந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் மயிலாத்தாளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து நாள் ஊசி. காய்ச்சல் இறங்கியது, மாடு புல்லில் வாய் வைத்தது. மூன்று காம்புகள் பிழைத்தன. பின் இடது காம்பு மட்டும் அப்புறம் பேசவே இல்லை.

கடைசி நாள் மயிலாத்தாள் அறுந்த கயிற்றைத் தமயந்தியிடம் காட்டினாள். "பாத்தியா அம்மிணி, உன்ற போனு சொல்லலே. இதுதான் அறுந்து விழுந்து சொல்லுச்சு. இல்லீன்னா மாடே போயிருக்கும்."

"போனுக்கு நீங்க எங்கீங்க்கா சொன்னீங்க?"

"அதுவும் சரிதான்" என்றாள் மயிலாத்தாள்.

கயிறு அவள் கையில் கூனிக் கிடந்தது. அந்தப் பாராட்டுக்காக அது மூன்று வருடம் ஏங்கியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு சொல்லும் மிளகாயாய்க் கமறியது. நான்தான் அந்தக் கண் என்று சொல்ல அதற்கு இழை மிச்சமில்லை.

அறுந்த கயிற்றை முச்சந்தியில் போடுவது வழக்கம். மயிலாத்தாளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் கறந்து முடித்ததும் போனை எடுத்தாள். ஏழு லிட்டர். ஏழு என்றே போட்டாள். போட்டதும் பழைய பயம் வயிற்றில் எட்டிப் பார்த்தது. பிறகு சோழியோடு இருந்த துண்டுக் கயிற்றைப் போனின் உறையில் கோத்து இறுக்கி முடிந்தாள்.

"மாட்டுக்குக் கண்ணு படாம இருக்கக் கழுத்துல கட்டறோம். நெசத்தை எழுதற எடத்துக்கும் ஒரு காவல் வேணுமல்ல?" என்றாள், மாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த தமயந்தியிடம்.

செவந்தியின் கழுத்துக்கு வெள்ளிக்கிழமை புதுக்கயிறு வந்தது. பழைய கயிறு போனிலேயே குடியேறியது. மயிலாத்தாள் தினமும் காலையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எண்ணைப் போடுவாள். கயிறு சோழியை மார்போடு கவிழ்த்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் தொங்கும்.

காதில் இருந்த வில்லை அதைத் தினமும் பார்த்தது. மெய்யைச் சுமப்பது வில்லை. பொய் ஆறையும் நெச ஏழையும் சுமந்தது வில்லை. துடைத்திருக்கிறார்கள், படித்திருக்கிறார்கள், இதுவரை ஒருவரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை.

பிளாஸ்டிக்குக்குச் சூடு தெரியாது என்று சொன்ன வில்லைக்கு, ஒரு நாள் காலை முதல்முறையாகக் காதோரம் சுட்டது.